பதினைந்து வெள்ளிப் பிழை

பிலோமினம்மாள் ஒரு பொருளைப் பதினைந்து வெள்ளிக்கு விற்றதால் எழுபத்துமூன்று பேர் ஒரே நாளில் ஏழைகளாகிவிட்டார்கள் என்று அவளுக்குக் கடிதம் வந்தது. கனமான தாள், கீழே தங்க நிற முத்திரை. சிங்கப்பூரில், தோ பாயோவில் முப்பத்தொரு வருட வாசத்தில் அவள் வீட்டுக்கு இவ்வளவு நல்ல தாளில் வந்தவை கல்யாணப் பத்திரிகைகள்தாம். ஆகவே முதலில் மாப்பிள்ளையின் பெயரைத் தேடினாள். மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் 'தென்கிழக்காசியப் பழைய விளையாட்டுக் கருவி இணைப்புச் சாதன மதிப்பீட்டு மன்றம்' என்று இருந்தது. சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம்.

நடந்தது இவ்வளவுதான். அவளுடைய அடுக்குமாடி புளோக்கில் குளியலறைகளை இடித்துப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு ஒட்டியதும் அவள் ஸ்டோர்ரூமை ஒழித்தாள். பழைய மின்விசிறி, மூடி இல்லாத ரைஸ்குக்கர் இவற்றுக்கு அடியில் அந்தப் பெட்டி கிடந்தது. கோமெட் டிரைவ். தொலைக்காட்சியில் விளையாடும் கோமெட் கருவிக்கு அடியில் பொருத்தினால் டிஸ்க் விளையாட்டுகளும் ஓடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆங் மோ கியோவில் ஒரு தொழிற்சாலையில் அதைத் தயாரித்தார்கள். அவள் அங்கே நாலாவது லைனில் மூடி மாட்டித் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் வாங்காததால் ஒரே வருடத்தில் தயாரிப்பை நிறுத்தினார்கள். அந்த வருடம் போனசுக்குப் பதிலாக ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். கோமெட் கருவியே இல்லாத வீட்டில் அதற்கு அடியில் பொருத்தும் பெட்டியை வைத்து என்ன செய்வது? ஸ்டோர்ரூமில் வைத்தாள்.

தேவாலயக் கூரை ஒழுகியதால் அந்த மாதம் விற்பனைச் சந்தை வைத்தார்கள். அவள் பெட்டியைக் கொண்டுபோய் மீ சியாம் நூடுல்ஸ் விற்ற மேசையின் ஓரத்தில் வைத்தாள். மீ சியாம் வாங்க வந்த சுரேந்தர் என்ற பேருந்து ஓட்டுநர் அதைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, இது வேலை செய்யுமா?"

"தெரியாது லா. பிரிச்சதே இல்ல."

"என்கிட்ட கோமெட் இருக்கு. சின்ன வயசுலேர்ந்து வச்சிருக்கேன். எவ்வளவு?"

"பதினஞ்சு குடுங்க. கூரைக்குத்தான்."

அவள் பெயரும் முகவரியும் எழுதி ரசீதும் போட்டுக் கொடுத்தார்கள். சுரேந்தர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியையும் ரசீதையும் சேர்த்துப் படமெடுத்து, 'என் அதிர்ஷ்டம்!' என்று முகநூலில் போட்டார். மூன்றாம் நாள் கடிதம் வந்துவிட்டது.

மன்றம் தேக்கா வட்டாரத்தில் ஒரு மாலைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த கியூஆர் கட்டத்தைக் கைபேசியால் ஸ்கேன் செய்தால்தான் திறந்தது. அதற்குக் கீழே கொசு அளவு எழுத்தில் ஏதோ இருந்தது. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் கதவு திறந்துவிட்டதால் பிலோமினம்மாள் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் அது 'டிக்' என்று பூட்டிக்கொண்டது.

வரவேற்பறையில் செயலாளர் திவ்யதர்ஷினியைத் தவிர யாருமில்லை. முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே ஒரு டோக்கனை நீட்டினாள். நாற்பத்தெட்டு. சுவரில் இருந்த திரை நாற்பத்தொன்று என்று காட்டியது.

"மத்தவங்கல்லாம் எங்கம்மா?"

"வரல மேடம்."

"அப்ப நான் போலாமா?"

"வராதவங்களுக்கும் ஆளுக்கு நாலு நிமிஷம் குடுக்கணும் மேடம். இல்லாட்டி ஃபேர் இல்ல, பாருங்க."

நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று திரை ஒவ்வொருவராக வராதவர்களை அழைத்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் திவ்யதர்ஷினி எழுந்து நின்று, அறையைச் சுற்றிப் பார்த்து, 'வருகை இல்லை' என்று எழுதினாள். தான் பிழைப்புக்காக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் பல் கிளினிக்கில் இந்த முறையைக் கொண்டுவந்தால் டாக்டர் எவ்வளவு நிம்மதியாக இருப்பார் என்று பிலோமினம்மாள் நினைத்துக்கொண்டாள்.

நாற்பத்தெட்டு வந்ததும் மதிப்பீட்டு அதிகாரி அஸ்மத் அவளை ஒரு மேசைக்கு அழைத்தார். வெள்ளை அங்கி போட்டிருந்தார். ஒரு ஜோடி கையுறையை அவள் பக்கம் தள்ளினார். அவள் மாட்டிக்கொண்டதும் ஒரு தட்டை மெதுவாக நகர்த்தினார். தட்டில் ஒரு புகைப்படம் இருந்தது.

"இது போட்டோதானே?"

"போட்டோதான். ஆனா கோமெட் டிரைவோட போட்டோ. நீங்க வித்தது இதுவா?"

"இதே மாதிரி."

"சுயநினைவோட வித்தீங்களா?"

"காலைல பூசைக்குப் போயிட்டு வந்துதான் வித்தேன்."

அஸ்மத் 'மத உணர்ச்சியின் பாதிப்பில்' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு அவளைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். குளிர் எலும்பில் இறங்கியது. சுவர் நெடுகக் கண்ணாடி அலமாரி, ஒவ்வொரு தட்டிலும் அக்ரிலிக் பெட்டிக்குள் அடைத்து முத்திரையிட்ட கோமெட் டிரைவ். மேலே ஒரு மின்பலகையில் 'கடைசி விற்பனை: 15.00' என்று சிவப்பு எழுத்து மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே தலைவர் ரஞ்சன் கோட் போட்டு நின்றிருந்தார். முன்னாள் காப்புறுதி முகவர். பள்ளியில் தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர் என்று திவ்யதர்ஷினி காதோடு சொன்னாள். அவர் மைக்கைப் பிடித்தபோது எதிரே இருந்த அறுபது நாற்காலிகளில் பிலோமினம்மாள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மையார் அவர்களே! மதிப்பு என்பது யாது? ஒரு பொருளைப் பயன்படுத்தும்போது தெரிவதா? அன்று! ஒருவரும் பயன்படுத்தாதபோது தெரிவதே மதிப்பு. இந்த அலமாரியின் முதல் தட்டில் உள்ள கோமெட் டிரைவ், கடந்த ஆறு ஆண்டுகளில் பதினொரு முறை விற்பனையாகியுள்ளது. ஆயிரத்து இருநூறு வெள்ளியில் தொடங்கி ஒன்பதாயிரத்து முந்நூற்றைம்பது வெள்ளியைத் தொட்டுள்ளது. இந்தப் பதினொரு விற்பனையிலும் அது அந்தத் தட்டை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை என்பதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன். அதுவே எங்கள் ஒழுக்கம்! தாங்களோ, அதை உணவுத் தட்டுகளுக்கு நடுவே வைத்து, முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டீர்கள். அவர் அதை..." இங்கே தலைவரின் குரல் தழுதழுத்தது. "மின்சாரத்தில் இணைத்துவிட்டார்."

அஸ்மத் கண்களை மூடிக்கொண்டார்.

"ஓடுச்சாமா?" என்று கேட்டாள் பிலோமினம்மாள்.

அஸ்மத் கண்ணைத் திறந்து அவளை முறைத்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. சூழ்நிலையைச் சமாளிக்கத் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"இல்ல, உள்ள ஒரு ரப்பர் பெல்ட் இருக்கும். பத்துப் பன்னெண்டு வருஷத்துல தார் மாதிரி உருகிடும். நாங்க லைன்ல இருக்கும்போதே சூப்பர்வைசர்கிட்ட சொன்னோம். அத மாத்தாம எதுவும் ஓடாது. இங்க இருக்கிற எதுவுமே ஓடாது சார்."

"லைனில் என்றால்?"

"செஞ்ச இடத்துல. நான்தான் மூடி மாட்டுனேன். மூடிக்கு உள்பக்கம் என் நம்பர் பென்சில்ல இருக்கும். நானூத்திப் பதினேழு."

தலைவரும் அஸ்மத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன்னைப் பற்றி ஏதாவது நல்ல வார்த்தை சொல்லப்போகிறார்கள் என்று அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மூடியைத் திறவாமல் அந்த எண்ணைக் காண இயலுமா?" என்றார் தலைவர்.

"எப்படி சார் முடியும்?"

"திறந்தால் சாதனத்தின் நிலைக்கு நாங்கள் இட்ட தரப்புள்ளியும், அதனோடு விலையும் போய்விடும். ஆகவே, இச்சாதனத்தைத் தாங்கள் செய்தீர்கள் என்பது மெய்ப்பிக்க இயலாத கூற்று எனப் பதிவாகிறது. தாங்கள் அதன் நிபுணர் அல்லர் என்பதும் பதிவாகிறது."

மணி நாலரை ஆகியிருந்தது. அவள் எழுந்தாள். "அப்ப நான் வர்றேன் சார்."

"தாராளமா போகலாம் மேடம்," என்றாள் திவ்யதர்ஷினி. "ஃபைல் முடிஞ்சதும் கதவத் திறக்கற நம்பர் வரும்."

ஃபைல் முடிய ஒரு கையெழுத்து வேண்டும். அதற்கு மூன்று படிவங்கள் வைத்திருந்தார்கள். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் முழுச் சுதந்திரம் அவளுக்கு உண்டு என்று அஸ்மத் சொன்னார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். விற்ற நாளில் விற்பவருக்குப் புத்தி தெளிவில்லை என்றது ஒன்று. அதில் கையெழுத்துப் போட்டால் கிளினிக்கில் மருந்து அலமாரிச் சாவியை அவளிடம் யார் கொடுப்பார்கள்? அடுத்தது, பொருள் போலி என்றது. தன் கையால் திருகு முடுக்கியதைப் போலி என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. மூன்றாவது, வாங்கியவர் ஏமாற்றி வாங்கிவிட்டார் என்றது. அதைப் போலீசுக்கு அனுப்புவார்களாம். போலீஸ் கேஸ் வந்தால் பேருந்து ஓட்டுநருக்கு வேலை என்ன ஆகும்?

"எதுலயும் போடமாட்டேன்," என்றாள்.

"பிரச்சினை இல்ல ஆன்ட்டி. இருங்க," என்றார் அஸ்மத். கண்ணாடிக் கதவுக்குப் போய் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். கீழே ரோட்டில் ஜனங்கள் காய்கறிப் பையோடு இஷ்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

ஐந்தே முக்காலுக்குச் சுரேந்தரை வரவழைத்தார்கள். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தார். கையில் சூப்பர்மார்க்கெட் பை. அவர் பையைக் குப்புறக் கவிழ்த்து மேசைமேல் கோமெட் டிரைவை வைத்ததும் அஸ்மத் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா! ஓடுது!" என்றார் சுரேந்தர். "உள்ள பெல்ட் உருகிக் கெடந்துச்சு. நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்து ரப்பர் பேண்ட போட்டேன். ஏழாவது ஸ்டேஜ் வரைக்கும் போயிட்டேன். மூடிக்குள்ள நானூத்திப் பதினேழுன்னு எழுதியிருந்துச்சு, யாருன்னு தெரியல."

"நான்தான்," என்றாள் பிலோமினம்மாள். அன்று முழுவதும் அவளுக்கு அந்த ஒரு நிமிடம்தான் நன்றாக இருந்தது.

மன்றம் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தது. ரப்பர் பேண்டுக்காக. பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மன்றம் ஒரு வரலாற்று முடிவை எடுக்கிறது. இப்பிழையைத் திருத்த, அச்சாதனத்தைச் சந்தை விலையான ஒன்பதாயிரத்து முந்நூற்றைம்பது வெள்ளிக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம்."

சுரேந்தர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் தன்னைப் பார்ப்பதைப் பிலோமினம்மாள் கவனித்தாள். அந்தப் பணம் தன்னுடையதாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கும் வந்து போனது. இல்லையென்று சொன்னால் பொய்.

"வாங்கிக்கோங்க லா," என்றாள். "நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

"சரி சார்," என்றார் சுரேந்தர். "கேஷா, போன்ல பேநவ்வா?"

தலைவர் அஸ்மத்தைப் பார்த்தார். அஸ்மத் திவ்யதர்ஷினியைப் பார்த்தார்.

"நம்ம எழுபத்துமூணு மெம்பர்ஸும் காசு யூஸ் பண்றதில்ல சார்," என்றாள் அவள். "தலைவர் ஒரு கோமெட் டிரைவ அஞ்சாயிரம்னு அஸ்மத் சார்கிட்ட குடுப்பாரு. அஸ்மத் சார் ஒரு விளையாட்டுத் துப்பாக்கிய அஞ்சாயிரம்னு தலைவர்கிட்ட குடுப்பாரு. அடுத்த மாசம் அதையே ஆறாயிரம்னு மாத்திப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஆயிரம் ஆயிரம் லாபம்."

பிலோமினம்மாளுக்குக் கணக்கு பிடிபடச் சற்று நேரமானது. "அப்ப இந்த ஆறு வருஷத்துல காசு குடுத்து வாங்குனது யாருதான்மா?"

திவ்யதர்ஷினி நல்ல ஊழியர். கேள்வி கேட்டால் பதில் தேடாமல் இருக்க அவளால் முடியாது. கணினியில் ஆறு வருடத்தையும் ஓட்டிப் பார்த்தாள்.

"ஒருத்தர்தான் மேடம். மிஸ்டர் சுரேந்தர். பதினஞ்சு வெள்ளி."

இனி விட்டுவிடுவார்கள் என்று பிலோமினம்மாள் நம்பினாள். திருடன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் கதவு திறக்கும் என்பது அவள் நினைப்பு. தலைவரோ, "ஆலோசனைக் குழு கூடுகிறது," என்று அறிவித்துவிட்டு அஸ்மத்தோடு பக்கத்து அறைக்குள் போனார். ஆறரை மணிப் பூசை போனது. ஏழரையும் ஆனது. சுரேந்தர் கையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்.

வெளியே வந்தபோது தலைவரின் முகம் மலர்ந்திருந்தது. கையில் வெள்ளைப் படிவம்.

"அம்மையார் அவர்களே, தங்களை மன்றத்தின் ஆயுள் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதில் பெருமைப்படுகிறோம். திரு சுரேந்தரையும். இருவரும் உறுப்பினர் என்றால் நடந்தது உறுப்பினர் பரிமாற்றம். தாங்கள் சாதனத்தைத் தந்தீர்கள். அவர் ரொக்கம் பதினைந்து வெள்ளியும்..." தலைவர் மேசையைச் சுற்றுமுற்றும் பார்த்தார். "இந்தப் பையும் தருகிறார். அஸ்மத்?"

அஸ்மத் கையுறை மாட்டிக்கொண்டு சூப்பர்மார்க்கெட் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பயன்படுத்தியது. கைப்பிடியில மடிப்பு. ஒன்பதாயிரத்து முந்நூத்தி எண்பத்தஞ்சு."

"அஞ்சு காசு குடுத்து வாங்குனேன் சார் அத," என்றார் தூக்கம் கலைந்த சுரேந்தர்.

"ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து நானூறு," என்றார் தலைவர். "புதிய சாதனை!"

பலகையில் சிவப்பு எழுத்து அணைந்து பச்சை எழுத்து வந்தது. மூவரும் கைதட்டினார்கள். பையை அக்ரிலிக்கில் அடைத்து, பிலோமினம்மாள் பெயரெழுதி அலமாரியில் வைத்தார்கள்.

அவள் வெள்ளைப் படிவத்தை மூன்று தடவை படித்தாள். அதில் அவள் பைத்தியம் இல்லை. பொருள் போலி இல்லை. சுரேந்தர் திருடர் இல்லை. யாருக்கும் ஒரு காசு நஷ்டம் இல்லை. வெறும் கிறுக்குத்தனம். காலையில் சாப்பிட்ட ரெண்டு ரொட்டியோடு இருந்தவள், இதில் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று கையெழுத்துப் போட்டாள். சுரேந்தரும் போட்டுவிட்டுத் தன் கோமெட் டிரைவை எடுத்துக்கொண்டார். 'டிக்' என்று கதவு திறந்தது. இருவரும் படியிறங்கி, முதலில் கண்ணில் பட்ட கடையில் ஆளுக்கொரு தோசை சாப்பிட்டுவிட்டு, எம்ஆர்டி ரயிலுக்குப் போனார்கள்.

விலகிவிடலாம் என்று மறுவாரம் தொலைபேசியில் கேட்டாள். விலகலாம், ஏற்கெனவே விலகிய இரண்டு உறுப்பினர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், இதுவரை யாரும் விலகியதில்லை என்றாள் திவ்யதர்ஷினி. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, கிளினிக்கில் அவள் மேசைக்கு முன்னால் ஓர் இளைஞன் வந்து நின்றான். கழுத்தில் ஆபீஸ் அட்டை, பெயர் ஜெய் என்று இருந்தது. பல் வலிப்பவன் முகமாக இல்லை. நெஞ்சோடு ஓர் அக்ரிலிக் பெட்டியை அணைத்திருந்தான்.

"நீங்கதானே பிலோமினம்மாள் ஆன்ட்டி? ஒன்பதாயிரத்து நானூறு ரெக்கார்டு?" என்றான். "உங்க பேர மன்றத்து வெப்சைட்ல பாத்துட்டுத்தான் நானும் ஒண்ணு வாங்குனேன். உங்கள மாதிரி சாதாரண ஆளுங்களே இதுல இறங்கியிருக்காங்கன்னா நம்பி இறங்கலாம்னு தோணுச்சு. ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க என்ன மாத்திக் குடுத்தீங்க தம்பி? பையா?"

"மாத்துறதா? இல்ல ஆன்ட்டி, பேநவ். ஒன்பதாயிரத்து எண்ணூறு. அடுத்த வருஷம் புது வீட்டுச் சாவி குடுக்கறாங்க, ரெனோவேஷனுக்குன்னு நானும் என் பியான்சியும் சேத்து வச்சிருந்தோம். அவளுக்கு இன்னும் சொல்லல. ரெண்டு வருஷத்துல இருபதாயிரம் ஆகும்னு தலைவர் சார் சொன்னாரு, அப்ப சொல்லிக்கலாம்."

கையெழுத்துப் போட்டு, யாருக்கும் கேடில்லாமல் தான் பத்திரமாக வெளியே வந்ததாக அவள் நினைத்திருந்தாள். அந்தக் கையெழுத்து திறந்த கதவு வழியாகத்தான் இவன் உள்ளே போயிருக்கிறான். பிலோமினம்மாள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி, நல்லா கேளுங்க. நான் அத வித்தது பதினஞ்சு வெள்ளிக்கு. கோயில் சந்தையில. ஒன்பதாயிரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்க ஒருத்தருக்கொருத்தர் சும்மா எழுதிக்கிறாங்க. இன்னைக்கே போய்ப் பணத்தத் திருப்பிக் கேளுங்க."

ஜெய் சிரித்தான். பெரியவர்களின் அடக்கத்தைக் கண்டு சிரிக்கும் மரியாதையான சிரிப்பு.

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு மன்றத்துலயே சொன்னாங்க ஆன்ட்டி. பெரிய கலெக்டருங்க யாரும் உண்மையான விலைய வெளிய சொல்லமாட்டாங்களாம். நீங்க பதினஞ்சுன்னு சொன்னா பொருள் ஒரிஜினல்னு அர்த்தமாம்."

"இல்ல தம்பி, சத்தியமா..." அவள் அவனைப் பிடித்து உலுக்கிவிடும் வேகத்தில் கையை நீட்டினாள்.

அவன் பதறிப்போய்ப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"பாத்து ஆன்ட்டி, பாத்து! கைரேகை பட்டா தரப்புள்ளி கொறஞ்சிடும்!"